ஆட்டத்தை டெக்கிலேயே பிடியுங்கள்: பழைய வீடியோ கேசட்டைக் கணினிக்கு மாற்றுபவர்களுக்கு

என் அக்காவின் கல்யாணம் 1993இல் பெங்களூரு அல்சூரில் ஒரு சத்திரத்தில் நடந்தது. மூன்று மணி நேரக் கேசட். முப்பது வருடம் பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. போன வருடம் அதை ஒரு கடையில் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றி வாங்கினோம். எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். தாலி கட்டும் இடம் வந்தபோது மண்டபத்துத் தூண்கள் தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி நெளிந்தன. பாட்டியின் முகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டது. பாட்டி அசைந்து பேசும் படம் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அன்னைக்கு நம்ம டிவியில பார்த்தப்போ இப்படி ஆடலையே?"

அம்மா சொன்னது உண்மை. அன்று ஆடவில்லை. கேசட்டும் அதேதான். ஏன் இப்போது ஆடுகிறது என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தக் கேசட்டைத் திரும்ப நானே மாற்றினேன். அப்புறம் காக்ஸ் டவுன் சித்தப்பா வீடு, ஸ்ரீராமபுரம் அத்தை வீடு என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேசட்டுகள் என் மேசைக்கு வந்தன. முதல் முறை செய்கிறவர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அதைச் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

அம்மாவின் கேள்விக்குப் பதில்

அன்றைய வீட்டு வீடியோ கேசட்டுகள் பெரும்பாலும் விஎச்எஸ் (VHS) வகை. அதன் நாடாவின் அகலம் அரை அங்குலம். டெக்குக்குள், அதாவது கேசட்டை ஓட்டும் கருவிக்குள், 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு டிரம், நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் நொடிக்கு 25 தடவை சுழல்கிறது. அதில் பதித்திருக்கும் ஹெட்டுகள் நாடாவைச் சாய்வாகத் தடவிக்கொண்டே படத்தைப் படிக்கின்றன. ஒரு முழுப் படத்துக்கு 625 வரிகள். ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் 64 மைக்ரோநொடி.

ஹெட் நாடாவின் மேல் நொடிக்கு ஏறக்குறைய 4.9 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அப்படியென்றால் ஒரு மைக்ரோநொடியில் அது கடப்பது 5 மைக்ரோமீட்டர்கூட இல்லை. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முப்பது வருடத்தில் நாடா அந்த அளவுக்கு இழுபட்டிருந்தாலோ, டெக்கின் ரப்பர் உருளை லேசாக வழுக்கினாலோ, அந்த வரி தன் நேரத்துக்கு முன்னேயோ பின்னேயோ வந்து சேரும். கணினி ஒரு வரியை நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் தடவை என்ற கணக்கில் அளவெடுக்கிறது. ஆகவே ஒரு மைக்ரோநொடி தவறினால் திரையில் அந்த வரி 13 புள்ளிகளுக்கு மேல் நகர்ந்துவிடும். அடுத்த வரி வேறு அளவு நகரும். நேரான தூண் நெளிவது இப்படித்தான்.

பழைய டியூப் டிவி இதைக் கண்ணுக்குத் தெரியாமல் சமாளித்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு தொடக்கக் குறி வரும். டிவி அந்தக் குறியைப் பின்தொடர்ந்து ஓடும். வரி தாமதமானால் டிவியும் தாமதமாக வரையும். பல டிவிகளில் டெக்குக்கு என்றே ஒரு சேனல் எண் ஒதுக்கியிருந்தார்கள். அந்தச் சேனலில் டிவி இன்னும் சுறுசுறுப்பாகக் குறியைப் பின்தொடரும். கணினியில் செருகும் கேப்சர் கருவிக்கு அந்த இளக்கம் இல்லை. அது தன் கடிகாரத்தின்படியே அளவெடுக்கும், நாடாவின் தடுமாற்றத்தை அப்படியே படமாக்கிவிடும்.

இதிலிருந்து ஒன்றை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தைச் சரிசெய்ய அந்தத் தொடக்கக் குறி தேவை. படம் கணினியில் கோப்பாகிவிட்ட பிறகு அந்தக் குறி கிடையாது. எடிட்டிங் மென்பொருளில் கை நடுக்கத்தை நீக்கும் வசதி ஒன்று இருக்குமே, அதைப் போட்டுப் பார்த்து நான் இரண்டு வாரம் வீணாக்கினேன். அது முழுப் படத்தையும் சேர்த்து நகர்த்தும். வரிக்கு வரி நகர்ந்திருப்பதை அதனால் திருப்ப முடியாது. ஆகவே ஆட்டத்தை டெக்கிலும், டெக்குக்கும் கணினிக்கும் இடைப்பட்ட வழியிலும்தான் பிடிக்க வேண்டும்.

முதலில், எந்த ஆட்டம் என்று பாருங்கள்

"படம் ஆடுது" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் நாலைந்து வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. மருந்தும் வேறு வேறு.

தூண், கதவு நிலை, ஜன்னல் கம்பி போன்ற செங்குத்தான கோடுகள் அலை அலையாக நெளிந்தால் அது மேலே சொன்ன வரி ஆட்டம். இதுதான் அதிகம் வரும்.

படத்தின் உச்சி மட்டும் கொடி பறப்பது போல ஒரு பக்கம் சாய்ந்து வளைந்தால், பெரும்பாலும் நாடாவின் இழுவிசை சரியில்லை. ஒரு ஹெட் முடித்து இன்னொரு ஹெட் தொடங்கும் இடத்தில் நேரம் உதறுகிறது; அந்த உதறல் அடங்குவதற்குள் மேலே உள்ள வரிகள் வளைந்துவிடுகின்றன. ஸ்ரீராமபுரத்தில் முன்பு டெக் ரிப்பேர் செய்துவந்த ஒரு மெக்கானிக் அண்ணன் இதை "மேல இழுக்குது" என்பார்.

முழுப் படமும் மேலும் கீழும் துள்ளினால் டிராக்கிங் (நாடாவில் எழுதிய தடத்தோடு ஹெட் பொருந்தி ஓடுவது) சரியில்லை, அல்லது ஹெட் அழுக்கு, அல்லது பதிவு செய்தபோதே நிறுத்தி நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். படம் நிற்காமல் மேலே உருண்டுகொண்டே போனால் கேசட் வேறு நாட்டு முறையில் பதிவானதாக இருக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நிற்கும் பொருள்கள் நேராக இருக்கின்றன, ஆனால் ஆள் நடக்கும்போது மட்டும் முன்னும் பின்னும் உதறுகிறது என்றால் கேசட்டிலும் டெக்கிலும் குற்றம் இல்லை. கணினியில் ஓர் அமைப்பு தலைகீழாக இருக்கிறது. இது தெரியாமல் நல்ல டெக்கைப் பழி சொல்லித் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

படத்தின் அடியில் மெல்லிய பட்டையாக ஏழெட்டு வரி கிழிந்த மாதிரி தெரியும். எல்லா விஎச்எஸ் கேசட்டிலும் அது இருக்கும். டிவியின் சட்டம் அதை மறைத்துவிடும் என்பதால் அன்று நாம் பார்த்ததில்லை. அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். கடைசியில் கறுப்புப் பட்டை போட்டு மறைத்தால் போதும்.

கேசட்டைத் தயார் செய்வது

டெக்கில் போடுவதற்கு முன் கேசட்டின் முதுகுப் பக்கம் உள்ள சின்ன பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் கல்யாணம் அழியாது.

அடுத்து, கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றியிருக்கும் நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பொடியோ நூலாம்படை மாதிரியோ தெரிந்தால் பூஞ்சை. பெங்களூரு வீடுகளில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரை ஒட்டிய அலமாரியில் இருந்தவற்றிலும், சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ வந்தவற்றிலும் இதை நிறையப் பார்த்தேன். பூஞ்சை பிடித்த கேசட்டை உங்கள் நல்ல டெக்கில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியாக ஒரு பையில் போட்டு ஒதுக்கி வையுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு தொடுங்கள். அதற்கென்று உள்ளவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்டலாம்.

பூஞ்சை இல்லையென்றால், பின்னால் சொல்லும்படி சுத்தம் செய்து சோதித்த டெக்கில் கேசட்டைப் போட்டு முதலிலிருந்து கடைசி வரை ஒரு முறை முன்னால் ஓட்டி, பிறகு முழுதும் பின்னால் சுற்றுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள். முப்பது வருடமாக ஒரே நிலையில் இறுகிக் கிடந்த சுற்று தளர்ந்து, நாடா ஒரே சீரான இழுவிசையில் மறுபடி சுற்றிக்கொள்ளும். இதற்கு ஆகும் செலவு பத்து நிமிடம்தான். அத்தை வீட்டுக் கேசட் ஒன்றில் உச்சி வளைவு இதிலேயே பாதிக்கு மேல் போய்விட்டது.

அப்புறம் இன்னொரு விஷயம். கல்யாண வீடியோக்காரரிடம் ஒரு மாஸ்டர் இருந்திருக்கும். அதிலிருந்து பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, துபாய்க்கு ஒன்று என்று பிரதி போட்டிருப்பார்கள். அந்தப் பிரதியிலிருந்து பிரதி எடுத்தவர்களும் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் ஆட்டம் கூடும். ஆகவே மாற்றத் தொடங்குவதற்கு முன் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, யாரிடம் மூலக் கேசட் இருக்கிறது என்று விசாரியுங்கள். எங்களிடம் இருந்தது பிரதி. சம்பந்தி வீட்டில் இருந்தது மாஸ்டர். இந்த ஒரு போன் தந்த பலனை நான் வாங்கிய எந்தக் கருவியும் தரவில்லை.

டெக்

உலகத்தில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. புதிது கிடையாது. பெங்களூரில் பழைய டெக் தேடுகிறவர்கள் முதலில் சொந்தக்காரர்கள் வீட்டுப் பரணைப் பார்க்கட்டும். அடுத்து சிக்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் சண்டே பஜார், எஸ்பி ரோட்டின் சந்துகளில் இருக்கும் பழைய மின்னணுப் பொருள் கடைகள். போகும்போது உங்களுக்கு வேண்டாத ஒரு கேசட்டைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேசட்டை விழுங்கி, படம் காட்டி, ஒழுங்காக வெளியே தள்ளினால் வாங்கலாம். ரெக்கார்ட் வசதி இல்லாத விசிபி என்றாலும் நமக்குப் போதும்.

அந்தக் கேசட்டைப் பதிவு செய்த அதே டெக்கோ கேமராவோ வீட்டில் இருந்தால் அதையே முதலில் ஓட்டிப் பாருங்கள். அது எந்தச் சாய்வில் எழுதியதோ அதே சாய்வில் படிக்கும். நிறைய நேரம் பதிவு செய்ய மெதுவான வேகத்தில், அதாவது எல்பியில், எடுத்த கேசட்டுகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

ஹெட் சுத்தம் செய்வதில்தான் புதியவர்கள் டெக்கைக் கெடுக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எஸ்பி ரோட்டில் சர்க்யூட் போர்டு துடைக்க ஐபிஏ என்று விற்பார்கள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். 99 சதவீதம் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் இருக்கிறது, வேண்டாம். நூல் பிரியாத மெல்லிய தோல் துணியோ, கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியோ போதும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஹெட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். பஞ்சு இழை மாட்டினால் ஹெட் உடைந்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் மூடியைக் கழற்றுங்கள். பிடுங்கிய பிறகும் மின்சாரம் வரும் பகுதிப் பக்கம் கை வைக்காதீர்கள். பளபளவென்று உருண்டையாக, லேசாகச் சாய்ந்து நிற்பதுதான் டிரம். துணியை ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் மெல்ல வைத்து அசைக்காமல் பிடியுங்கள். இன்னொரு கையால் டிரம்மின் மேல்பகுதியைப் பிடித்து மெதுவாக நாலைந்து சுற்று சுற்றுங்கள். மெக்கானிக் அண்ணன் எனக்குச் சொன்னது: "துணி நிக்கணும், டிரம்மு சுத்தணும். மேலயும் கீழயும் ஒரு தடவை இழுத்தா ஹெட்டு போச்சு." துணியில் பழுப்பாகக் கறை வரும். கறை வருவது நிற்கும்வரை துணியின் புது இடத்தால் திரும்பச் செய்யுங்கள். நாடா போகும் வழியில் உள்ள உலோகத் தூண்களையும், ஓரத்தில் அசையாமல் நிற்கும் ஆடியோ ஹெட்டையும் துடையுங்கள். இவற்றுக்குப் பஞ்சுக் குச்சி பரவாயில்லை.

நாடாவை ஓட வைக்கும் கறுப்பு ரப்பர் உருளை ஒன்று இருக்கும், பிஞ்ச் ரோலர். அது பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் இறுகி வழுக்குகிறது என்று பொருள். படம் ஆடுவதோடு நாதஸ்வரமும் இழுத்து இழுத்துக் கேட்டால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, சரியாகவில்லையென்றால் மாற்ற வேண்டும். எல்லாம் நன்றாக உலர அரை மணி நேரம் விட்டு, வேண்டாத கேசட்டைப் போட்டுச் சோதித்துவிட்டு உங்கள் கேசட்டைப் போடுங்கள்.

டிராக்கிங்கைத் தானாக விடாமல் கையால் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். கோடு மறையும் இடத்துக்கும் திரும்ப வரும் இடத்துக்கும் சரியாக நடுவில் நிறுத்துங்கள். ஒரே கேசட்டில் கல்யாணம், வளைகாப்பு, பிறந்தநாள் என்று வெவ்வேறு கேமராவில் எடுத்தவை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகத் திருப்ப வேண்டிவரும். டெக்கின் மெனுவில் சிக்னல் தடுமாறினால் நீலத் திரை காட்டும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். படத்தின் மேல் எழுத்து காட்டுவதையும் அணையுங்கள்.

நடுவில் ஒரு டிவிடி ரெக்கார்டர்

இத்தனையும் செய்த பிறகும் தூண் லேசாக நெளியும். அதை நிறுத்துவது டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டிபிசி. அது ஒவ்வொரு வரியையும் வாங்கி, நினைவகத்தில் வைத்து, தொடக்கக் குறியைப் பார்த்து நேராக அடுக்கி, சரியான நேரத்தில் வெளியே அனுப்பும். டியூப் டிவி தன் போக்கில் செய்துவந்த வேலையையே இது கணக்காகச் செய்கிறது.

விலை உயர்ந்த எஸ்-விஎச்எஸ் டெக்குகள் சிலவற்றில் டிபிசி உள்ளேயே இருக்கும். ஜேவிசி, பானசோனிக் இரண்டும் அப்படிச் செய்தன. ஆனால் நம் ஊர் வீடுகளில் அவை அபூர்வம். சாதாரண மனிதர் கைக்கு எட்டுவது பழைய டிவிடி ரெக்கார்டர். டிவிடி பிளேயர் என்று நினைத்துவிட வேண்டாம். வெளியிலிருந்து படம் வாங்கி டிஸ்கில் எழுதும் ரெக்கார்டர். அதில் சில மாடல்கள், உள்ளே வரும் படத்தை எண்களாக மாற்றும்போதே வரிகளை நேராக்கிவிடும். டிஸ்கில் எழுத வேண்டியதுகூட இல்லை. உள்ளே விட்டு வெளியே எடுத்தால் போதும். பானசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, டிஎம்ஆர்-இஎஸ்15 இரண்டும் இதற்குப் பேர்போனவை, உச்சி வளைவையும் நன்றாக அடக்குகின்றன. டிஸ்க் எழுதும் பகுதி கெட்டுப்போய்க் குறைந்த விலைக்கு வருபவையும் பெரும்பாலும் இந்த வேலைக்கு உதவும். எல்லா டிவிடி ரெக்கார்டரும் இப்படிச் செய்யாது. ஆகவே வாங்குவதற்கு முன் டெக்கையும் கேசட்டையும் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள்.

இணைப்பு எளிது. டெக்கின் மஞ்சள் வெளியீட்டிலிருந்து ரெக்கார்டரின் உள்ளீட்டுக்கு ஒரு கேபிள். ரெக்கார்டரின் எஸ்-வீடியோ வெளியீட்டிலிருந்து கேப்சர் கருவிக்கு இன்னொரு கேபிள். ஒலியை டெக்கிலிருந்து நேராகக் கேப்சர் கருவிக்கே கொடுக்கலாம். டிவியின் ஆன்டெனா துளைக்குப் போகும் பழைய வட்டக் கேபிளைப் பயன்படுத்தாதீர்கள். அது படத்தைக் கெடுக்கும். ரெக்கார்டரில் உள்ளீட்டுக்கான இரைச்சல் குறைப்பு இருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் முகங்கள் மெழுகு பூசியது போலாகும்.

நான் முதல் முறை இப்படி இணைத்துத் தாலி கட்டும் இடத்தை ஓட்டியபோது அம்மாவைக் கூப்பிட்டேன். தூண் தூணாக நின்றது. பாட்டி அட்சதை போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வது முதல் முறையாகத் தெரிந்தது. அம்மா அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். நாடா தேயுமே என்று நான் பயந்தாலும் மூன்று முறை ஓட்டினேன்.

டிபிசி வைத்தும் நெளிந்தால் படத்தின் இடது விளிம்பைப் பாருங்கள். கறுப்பு விளிம்பும் தூணோடு சேர்ந்து நெளிந்தால் டிபிசி தன் வேலையைச் செய்யவில்லை. வேறு ரெக்கார்டரோ வேறு டெக்கோ முயலுங்கள். விளிம்பு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்து உள்ளே இருக்கும் தூண் மட்டும் நெளிந்தால், முன்பு பிரதி எடுத்தபோதே ஆட்டம் படத்துக்குள் பதிந்துவிட்டது. அதற்கு எந்த டிபிசியும் உதவாது. மூலக் கேசட்டைத் தேடுவது ஒன்றே வழி.

ஹேண்டிகேமில் எடுத்த சின்னக் கேசட்டுகள், அதாவது வீடியோ8, ஹை8 வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பின்னால் வந்த சோனி டிஜிட்டல்8 கேமராக்களில் பல, இந்தப் பழைய கேசட்டுகளையும் ஓட்டும். அவற்றுக்குள்ளேயே டிபிசி உண்டு. ஃபயர்வயர் கேபிள் வழியாக நேராகக் கணினிக்கு அனுப்பலாம். ஆனால் எல்லா மாடலும் பழைய கேசட்டை ஓட்டாது, பார்த்து வாங்குங்கள்.

கணினியில் பிடிப்பது

கேப்சர் கருவி எதுவானாலும் சரி, அது படத்தைத் தானே சுருக்கிக் கொடுக்காமல் முழுதாகக் கொடுக்க வேண்டும். விண்டோஸில் வர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அமைப்புகள்: பால் முறை, 720க்கு 576, நிற முறை ஒய்யுஒய்2 (YUY2), நொடிக்கு 25 படம், தரம் குறையாமல் சுருக்குவதற்கு ஹஃப்ஒய்யுவி (HuffYUV). ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், சுருக்காமல். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 30 முதல் 40 ஜிபி வரை ஆகும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 120 ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது திரையில் இரண்டு எண்களைக் கவனியுங்கள்: விடுபட்ட படங்கள், நடுவில் சேர்க்கப்பட்ட படங்கள். மூன்று மணி நேரத்தில் ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. நிமிடத்துக்குப் பத்து என்று ஏறினால் படம் வெட்டி வெட்டிப் போகும், போகப் போக உதடும் பேச்சும் விலகும். அப்போது உடனே நிறுத்தி, வேறு மென்பொருள்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, வெளி டிஸ்கில் எழுதாமல் உள் டிஸ்கில் எழுதிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சிக்னல் இன்னும் தடுமாறுகிறது, டெக்குக்குத் திரும்பப் போங்கள்.

படத்தில் அகலமான மங்கல் பட்டை ஒன்று மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருந்தால் அது மின்சார வழியில் வருவது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். டெக்கை யுபிஎஸ்ஸில் போடுவது நல்லது. கரண்ட் போய் வரும்போது நாடா டிரம்மைச் சுற்றிய நிலையில் மாட்டிக்கொள்ளும்.

சொந்தக் கல்யாணக் கேசட்டைப் போட்டாலும் சில கருவிகள் "நகலெடுக்கத் தடை" என்று மறுக்கும். கடைகளில் விற்ற படக் கேசட்டுகளில் நகல் தடுப்புக் குறி உண்டு. தடுமாறும் வீட்டுக் கேசட்டின் சிக்னலை அந்தக் குறி என்று கருவி தவறாக நினைத்துக்கொள்கிறது. டிராக்கிங்கைச் சரிசெய்து, ஹெட்டை இன்னொரு முறை துடைத்தால் பல நேரம் சரியாகிவிடும்.

அமெரிக்காவிலிருந்து மாமா அனுப்பிய கேசட் என்றால் அது என்டிஎஸ்சி: 525 வரி, நொடிக்கு 29.97 படம். நம் பால் டெக்கில் போட்டால் உருளும். பல முறைகளை ஓட்டும் டெக்கில் என்டிஎஸ்சி 3.58 என்று திருப்பி, கணினியிலும் என்டிஎஸ்சி, 720க்கு 480 என்று வையுங்கள்.

பிடித்த பிறகு

விஎச்எஸ் படம் ஒவ்வொன்றும் இரண்டு பாதிகளாக வருகிறது. ஒற்றை வரிகள் ஒரு பாதி, இரட்டை வரிகள் மறு பாதி. நொடிக்கு 50 பாதிகள். எந்தப் பாதி முதலில் என்பதை மென்பொருளுக்குத் தவறாகச் சொன்னால், கை வீசி நடக்கிறவர் ஓரடி முன்னே, அரையடி பின்னே என்று உதறுவார். நான் முன்பு சொன்ன பொய் ஆட்டம் இதுதான். பொதுவாக இந்த முறையில் பிடித்தவற்றுக்கு மேல் பாதி (டாப் ஃபீல்டு) முதலில். ஃபயர்வயர் வழியாக வந்த டிஜிட்டல் வீடியோ (DV) கோப்புகளுக்குக் கீழ்ப் பாதி (பாட்டம் ஃபீல்டு) முதலில். ஒரு நிமிடத் துண்டை இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள், கண்ணுக்கு உடனே தெரியும்.

இரண்டு பாதிகளையும் பிரித்து முழுப் படமாக்க ஹைப்ரிட் என்ற இலவச மென்பொருளில் கியூடிஜிஎம்சி என்ற வசதி இருக்கிறது. மெதுவாக ஓடும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்து இதைவிட நல்லது கிடையாது. அவசரம் என்றால் ஹேண்ட்பிரேக் போதும். எதில் செய்தாலும் நொடிக்கு 50 படம் என்று வையுங்கள். 25 என்று வைத்தால் அசைவில் பாதி போய்விடும், கும்மியடிப்பது தெறித்துத் தெறித்துத் தெரியும். படத்தின் வடிவம் நான்குக்கு மூன்று என்றே இருக்கட்டும். அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். குடும்பத்துக்கு அனுப்ப எச்264 (H.264) வடிவில் ஒரு பிரதி எடுங்கள்.

நாடா கசங்கி, மேலே சொன்ன எதற்கும் அசையாத கேசட் ஒன்றிரண்டு மிஞ்சும். அதற்கு விஎச்எஸ்-டீகோட் என்று ஒரு வழி இருக்கிறது. டெக்கின் ஹெட்டிலிருந்து வரும் மூலச் சிக்னலையே கணினியில் பதிந்துகொண்டு, டிபிசி வேலை முழுவதையும் மென்பொருளில் செய்கிறார்கள். தொடக்கக் குறியும் சேர்ந்தே பதிவாவதால் இங்கே மட்டும் பிறகு திருத்த முடிகிறது. ஆனால் டெக்கைத் திறந்து சால்டரிங் செய்ய வேண்டும். முதல் கேசட்டிலேயே இதில் இறங்க வேண்டாம்.

ஹஃப்ஒய்யுவி கோப்பை இரண்டு டிஸ்கில், இரண்டு வெவ்வேறு வீட்டில் வையுங்கள். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல கருவி கிடைத்தால் திரும்ப ஓட்டலாம். முழுதும் பின்னால் சுற்றி, உறையில் போட்டு, புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். ஓதம் ஏறும் சுவரும் ஸ்பீக்கரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. உறையின் மேல் என்ன நிகழ்ச்சி, எந்த வருடம், எந்த டெக்கில் ஓட்டினீர்கள், டிராக்கிங் எந்தப் பக்கம் திருப்பியிருந்தீர்கள் என்று பென்சிலால் எழுதிவிடுங்கள்.